பாவு நீலம், ஊடை அரக்கு

நாட்டிய டிரெஸ் தைக்கக் கத்துக்க வர்ற பசங்க என்கிட்ட முதல்ல கேட்கிறது, "பாய், விசிறிக்கு எத்தனை மடிப்பு?" அதுதான். மடிப்பு ஒரு மாசத்துல வந்துடும், விடுங்க. நான் சொல்ல வந்தது வேற. முப்பத்தெட்டு வருஷம் காஞ்சிபுரத்துல பட்டுப் புடவையை வெட்டி நாட்டிய டிரெஸ் தைச்சேன். போன வருஷம் கண்ணு போதும்னு சொல்லிடுச்சு. இடுப்பு அதுக்கு முன்னாடியே சொல்லிடுச்சு. இப்போ கடையை மருமகன் பார்த்துக்கிறார். கடைசியா எடுத்த பெரிய வேலையில நான் ஒரு தப்பு பண்ணேன். அதால ஒரு அம்மாவுக்கு வந்த சினிமா போச்சு. அந்த அம்மா ஆடறதையே விட்டுட்டாங்க. இதை எழுதறதுல எனக்குப் பெருமையும் இல்லை, அழுகையும் இல்லை. சலிப்பாத்தான் இருக்குது. ஆனா கத்தரி பிடிக்கிறவங்க தெரிஞ்சுக்கணும், அதான்.

1. ஜெர்மன்காரம்மா கடைக்கு வந்தது

என் கடை பிள்ளையார்பாளையத்துல ஒரு சந்துக்குள்ள. கார் வராது. ஒரு நாள் காலையில மூணு பேர் நடந்து வந்தாங்க. முன்னாடி வசந்தாம்மா, பின்னாடி ஒரு வெள்ளைக்காரம்மா, கூட ஒரு சென்னைப் பொண்ணு.

வசந்தாம்மா எங்க ஊர் நாட்டிய டீச்சர். பதினாலு வயசுல அவங்க அரங்கேற்றத்துக்கு நான்தான் தைச்சேன். இப்போ நாப்பத்தஞ்சு. ஒரு தனியார் ஸ்கூல்ல டான்ஸ் டீச்சரா இருந்தாங்க. ஆண்டு விழா வந்தா நூறு பசங்களை சினிமாப் பாட்டுக்கு ஆட வைக்கணும், அதுதான் வேலை. அவங்க தனியா மேடை ஏறி எட்டு வருஷம் ஆயிடுச்சு. "கத்திக் கத்தி தொண்டை போச்சு பாய். எனக்கு ஆடத் தெரியும்கிறதே ஊர்ல பாதிப்பேருக்கு மறந்துடுச்சு"ன்னு சொல்வாங்க.

வெள்ளைக்காரம்மா பேரு ஹெல்கா. படம் எடுக்கிறவங்க. சென்னைப் பொண்ணு அனிதா அவங்க அசிஸ்டென்ட், பேசறதைத் தமிழ்ல மாத்திச் சொல்றதும் அதுதான்.

"பேசாத படம் அங்கிள், கறுப்பு வெள்ளை"ன்னு அனிதா கதையைச் சொல்லுச்சு. நூத்திப் பத்து, நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாடி நம்ம பக்கத்து நாட்டியக்காரி ஒருத்தி ஒரு கோஷ்டியோட கப்பலேறி ஜெர்மனி போறா. போன இடத்துல கோஷ்டி கலைஞ்சு போவுது. திரும்பி வர வழியில்லை. அங்க அப்போதான் சினிமா புதுசா வந்திருக்குது. ஸ்டுடியோக்காரன் ஒருத்தன் கூப்பிட்டு, ஆடிக் காட்டுன்னு சொல்றான். மேடைக்காரி எப்படி கேமராக்காரி ஆனாங்கிறதுதான் கதை.

"நிஜமா நடந்ததாம்மா?"

"இல்ல அங்கிள், கற்பனைதான். ஹீரோயின் நம்ம வசந்தா மேடம்."

வசந்தாம்மா தரையைப் பார்த்துக்கினு நின்னாங்க. சந்தோஷத்தை எங்க வைக்கிறதுன்னு தெரியாத மூஞ்சி. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

அளவு எடுக்கிறப்போ மட்டும் குரலைத் தாழ்த்தி ஒண்ணு சொன்னாங்க. "பாய், முட்டிக்கிட்ட கொஞ்சம் லூசா விடுங்க. முட்டி வலிக்கு உள்ளே பட்டை போட்டுக்கினு இருக்கேன். வெளியில சொல்லிடாதீங்கபா."

சொல்ல மாட்டேன்னேன்.

2. கலர் கண்ணாடி

அந்தப் படத்துக்குப் பழைய காலத்து மாதிரி ஃபிலிம். அதுக்கு சிவப்பு தெரியாதாம். சிவப்பு கறுப்பா விழும், வெளிர் நீலம் வெள்ளையா விழும். அந்தக் காலத்துல ஜெர்மனியில நடிச்சவங்க உதட்டுக்கு நீலச் சாயம் பூசிக்கினு நின்னாங்கன்னு அனிதா சொல்லுச்சு.

"காஞ்சிபுரத்துக்கு வந்து சிவப்பு வேணாம்னா எங்கம்மா போறது?"ன்னு நான் கேட்டேன். ஹெல்காம்மாவுக்கு மாத்திச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

அவங்ககிட்ட ஒரு சின்னக் கண்ணாடி இருந்துச்சு, நீலமும் பச்சையும் கலந்த கலர்ல. அது வழியா ஒரு துணியைப் பார்த்தா, ஃபிலிம்ல அது எவ்வளவு வெளுப்பா விழும், எவ்வளவு இருட்டா விழும்னு ஒரு கணக்கு தெரியும். எனக்கு ஒண்ணு கொடுத்துட்டு, வேணுங்கிற ஷாட்டைக் கையாலேயே நடிச்சுக் காட்டினாங்க. பின்னாடி கறுப்புத் திரை. அந்தப் பொண்ணு நிக்கிறா. அரைமண்டியில உக்கார்றா. நடுவுல இருக்கிற விசிறி வெள்ளையா விரியுது. அந்த விரியறதைப் பார்த்துத்தான் ஸ்டுடியோக்காரன் அவளை சினிமாவுக்கு எடுத்துக்கிறான். மொத்தக் கதையும் அந்த ஒரு இடத்துலதான் திரும்புது.

விசிறி தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நாட்டிய டிரெஸ்ல முன்பக்கம் ரெண்டு காலுக்கும் நடுவுல மடிப்பு வச்சுத் தைப்போம். நின்னா மூடியிருக்கும். முட்டியை மடிச்சு அகட்டி உக்காந்தா விரியும். எவ்வளவு ஆழமா இறங்கறாங்களோ அவ்வளவு விரியும்.

அதுக்கு நீளவாட்டுல ஓடற பாவும் நீலம், குறுக்கே ஓடற ஊடையும் நீலமா, ஒரே கலர்ல புடவை வேணும். கடைகள்ல தேடினேன், கிடைக்கல. தறியில சொல்லி நெய்யணும்னா சாயம் போட்டு, பாவு ஏத்தி, இருபது நாள். ஹெல்காம்மா நாங்க காத்திருக்கோம்னாங்க. நான்தான் வேணாம்னேன். ஏன்னு கேட்டா என்ன சொல்றது? அலுப்பு. சாயக்காரர் வீட்டுக்கும் தறிக்காரர் வீட்டுக்கும் நாலு தடவை நடக்கணும். எனக்குத் தெரிஞ்ச கடையில ஆகாச நீலத்துல அருமையான புடவை ஒண்ணு இருந்துச்சு. பாவு நீலம், ஊடை மட்டும் அரக்கு. நேராப் பார்த்தா நீலம். மடிச்சு சாய்ச்சுப் பிடிச்சா உள்ளேயிருந்து அரக்குச் சிவப்பு எட்டிப் பார்க்கும். இந்த ஊர்ல பொறந்த குழந்தைக்கும் தெரிஞ்ச விஷயம். எனக்குத் தெரியாதா?

மேஜை மேல விரிச்சுப் போட்டுக் கண்ணாடியை வச்சுப் பார்த்தேன். வெளுப்பாத்தான் இருந்துச்சு. ஆச்சு, போதும்னு வெட்டிட்டேன். மடிச்சுப் பிடிச்சுப் பார்க்கல.

போட்டுப் பார்க்கிற அன்னைக்கு எல்லாரும் கடையில இருந்தாங்க. வசந்தாம்மா டிரெஸ்ஸைப் போட்டுக்கினு நின்னாங்க. ஹெல்காம்மா கண்ணாடி வழியாப் பார்த்து கையைத் தட்டினாங்க. அப்புறம் ஏதோ கேட்டாங்க.

"உக்காந்தாலும் இதே கலர்தானான்னு கேக்கறாங்க அங்கிள்."

"இதேதாம்மா. ஒரே துணிதானே."

வசந்தாம்மா உக்காந்து காட்டறேன்னு முட்டியை அகட்டினாங்க. நான் பதறிட்டேன். "ஐயோ, இப்ப வேணாம்மா! இஸ்திரி போட்ட மடிப்பு கலைஞ்சிடும். ஷூட்டிங்ல பிரிச்சுக்கலாம்." இது எங்க தொழில் பழக்கம். மடிப்பு வச்சு, சூடா இஸ்திரி போட்டு, நூலால தளர்வாக் கட்டி வச்சிடுவோம். மேடை ஏறப் போறப்போதான் நூலை அறுப்போம். முப்பத்தெட்டு வருஷமா எல்லாருக்கும் சொன்னதைத்தான் அன்னைக்கும் சொன்னேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிடுச்சு.

3. ரைஸ் மில்லு ஸ்டுடியோ

ஷூட்டிங் வாலாஜாபாத்துல, மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லுல. அந்தக் காலத்து ஸ்டுடியோ கண்ணாடிக் கூரை போட்டு வெயில்லயே எடுப்பாங்களாம். இங்கே கூரைத் தகட்டைப் பாதி கழட்டிட்டு வெள்ளைத் துணி கட்டியிருந்தாங்க. உள்ளே போனா தவிட்டு வாசனை. நான் ஊசி நூலோட ஒரு ஓரமா உக்காந்தேன்.

வசந்தாம்மாவைப் பார்த்து எனக்கே அடையாளம் தெரியல. மூஞ்சிக்கு மஞ்சளா ஒரு பூச்சு, உதட்டுக்கு நீலம், விரல்ல வழக்கமாப் பூசற சிவப்பு இல்லை. "பொணம் மாதிரி இருக்கேன் பாய்"னு சொல்லிட்டு சிரிச்சாங்க. தரையில சுண்ணாம்புக் கட்டியால ஒரு கட்டம் போட்டிருந்தாங்க. பாய் விரிச்ச அளவு கூட இருக்காது. அதைத் தாண்டினா கேமராவுல விழ மாட்டாங்க. மேடையை அளந்து ஆடினவங்க, ரெண்டு தடவை கோட்டைத் தாண்டிட்டாங்க. பாட்டு இல்லை, நட்டுவாங்கம் இல்லை. கேமராவைக் கையாலதான் சுத்தறாங்க, அந்தச் சத்தம் மட்டும்தான். பழக்கத்துல சபையைத் தேடி கண்ணு அலையுது. ஹெல்காம்மா அனிதாகிட்ட சொல்லி, எங்கேயும் பார்க்க வேணாம்னு சொல்ல வச்சாங்க.

கொஞ்ச நேரம் தனியாப் போய் நின்னாங்க வசந்தாம்மா. திரும்பி வந்து சொன்னாங்க: "அந்த மிஷினு சத்தத்தையே தாளமா வச்சுக்கறேன். சுத்தச் சொல்லுங்க."

சுத்தினாங்க. என்னத்தைச் சொல்ல! அந்தப் பாய் அளவு கட்டத்துக்குள்ள அவங்க ஆடினது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. கையைப் பாதியிலேயே நிறுத்தினாங்க, மேடையில நீட்டற மாதிரி நீட்டல. கண்ணைப் பெரிசா உருட்டல. அரைமண்டியில இறங்கினாங்க பாருங்க, ஒரு கெட்டிக்காரப் பொண்ணு இறங்கற மாதிரி, சுத்தமா. விசிறி விரிஞ்சுது.

விரிஞ்சப்போ மேலேயிருந்து விழுந்த வெயில்ல மடிப்புக்குள்ள இருந்து அரக்கு பளிச்சுனு வந்துச்சு. ஃபிலிம்ல இது எப்படி விழுமோன்னு சந்தேகம் வந்துச்சு. என் கண்ணாடி கடையில கிடந்துச்சு, இன்னொண்ணு அனிதா கழுத்துல தொங்கிக்கினு இருந்துச்சு. எழுந்து போய், "கொடும்மா, ஒரு தடவை பார்த்துக்கறேன்"னு கேட்டிருக்கலாம். கேட்டா வேலை நிக்கும். எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க. கேமராவுல என்னமோ சரியாத்தான் விழும்னு உக்காந்துட்டேன்.

ஃபிலிம் கொஞ்சம்தான் இருந்துச்சு. ரெண்டு தடவை எடுத்தாங்க. முடிச்சதும் வசந்தாம்மா நொண்டிக்கினே வந்து பெஞ்ச்ல உக்காந்து ஒரு மாத்திரை போட்டாங்க. ஹெல்காம்மா அதைப் பார்த்தாங்க. நானும் பார்த்தேன், அவங்க பார்த்ததை.

4. முப்பது செகண்டு

ஃபிலிமைக் கழுவி ரஷ், அதான் எடுத்ததோட முதல் காப்பி, வர ரெண்டு வாரம் ஆச்சு. அனிதா அதை ஃபோன்ல எடுத்துக்கினு கடைக்கு வந்துச்சு, வசந்தாம்மாவையும் வரச் சொல்லியிருந்துச்சு. மூஞ்சியே சரியில்லை அந்தப் பொண்ணுக்கு.

முப்பது செகண்டு வீடியோ. மேல் உடம்பு அற்புதமா வந்திருந்துச்சு. கை, கழுத்து, கண்ணு எல்லாம். இறங்கற இடம் வந்துச்சு. விசிறி விரியல. அதாவது, விரிஞ்சிருக்குது, ஆனா மடிப்பு ஓரம் மட்டும் வெள்ளைக் கோடா தெரியுது, உள்பக்கம் பூரா கறுப்பு. மூடின மடிப்போட நிழல் மாதிரி. காலு மடங்கின இடத்துலயும் அதே கறுப்புதான், பின்னாடி இருக்கிற கறுப்புத் திரையோட சேர்ந்து போச்சு. பார்க்கிறவங்களுக்கு ஒரு பொம்பளை லேசா முட்டியை மடிச்சுட்டு நிக்கிற மாதிரிதான் தெரியும்.

"மேடம்..." அனிதா இழுத்துச்சு. "ஹெல்கா என்ன சொல்றாங்கன்னா, நீங்க அன்னைக்கு வலியில இருந்தீங்க, அதனால முழுசா உக்கார முடியலன்னு. அவங்களுக்கு உங்க மேல ரொம்ப மரியாதை. ஆனா இந்த ஷாட் இல்லைன்னா படமே இல்லை மேடம்."

வசந்தாம்மா வீடியோவை மறுபடி ஓட்டினாங்க. மறுபடி. என் கையில கத்தரி இருந்துச்சு. முதல் செகண்டுலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. துணி. என் துணி. அரக்கு ஊடை.

"இறங்கல"ன்னாங்க வசந்தாம்மா. "நான் இறங்கிட்டேன்னுதான் நினைச்சேன். இறங்கல. என் முட்டிதான். ஹெல்காகிட்ட சொல்லிடும்மா, வேற ஆளைப் பார்த்துக்கட்டும். நானே எழுதித் தர்றேன்."

ஒரு வாய் தொறந்திருக்கணும் நான். தொறக்கல. ஏன்னா, மீதி டிரெஸ் எல்லாம் நான்தான் தைக்கிறேன்னு பேசியிருந்துச்சு, ஊர்ல பத்துப் பேர்கிட்ட சொல்லிட்டேன். ஏன்னா, கண்ணாடியைக் கையில கொடுத்தும் பார்க்காதவன்னு ஒரு வெளிநாட்டம்மா நினைப்பாங்க. இன்னொண்ணும் இருக்குது, அதுதான் அசிங்கம். அவங்களே முட்டின்னு சொல்லிட்டாங்களே, நம்ம ஏன் நடுவுல போவணும்னு தோணுச்சு. அவங்க முட்டியில பட்டை போட்ட ரகசியம் எனக்கு மட்டும்தான் தெரியும். அதுக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்கிட்டேன்.

வசந்தாம்மா போறப்போ, "டிரெஸ் ரொம்ப அழகா இருந்துச்சு பாய், உங்க வேலை வீணாப் போச்சு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

5. இன்னொரு பொண்ணு

சென்னையிலேயிருந்து இருபத்தாறு வயசுப் பொண்ணு ஒண்ணு வந்துச்சு. நல்ல பொண்ணுதான், அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். பழைய டிரெஸ்ஸையே பிடிச்சுத் தைக்கலாமே அங்கிள்னு அனிதா கேட்டுச்சு. அளவு சரி வராதும்மான்னு பொய் சொன்னேன். இந்தத் தடவை சாயக்காரர் வீட்டுக்கும் நடந்தேன், தறிக்காரர் வீட்டுக்கும் நடந்தேன். பாவும் நீலம், ஊடையும் நீலம். இருபத்திரெண்டு நாள் ஆச்சு, யாரும் ஒண்ணும் சொல்லல. மடிப்பைக் கலைச்சு, விரிச்சு, சாய்ச்சு, கண்ணாடி வச்சு அஞ்சு தடவை பார்த்தேன்.

ரஷ் வந்துச்சு. கறுப்புத் திரையில விசிறி வெள்ளையா விரிஞ்சுது. என்ன அரைமண்டின்னு எல்லாரும் அந்தப் பொண்ணைக் கொண்டாடினாங்க. உண்மையைச் சொன்னா அந்தப் பொண்ணு இறங்கினதை விட வசந்தாம்மா ரெண்டு விரக்கடை அதிகமா இறங்கினாங்க. நான் பக்கத்துல உக்காந்து பார்த்தவன்.

அனிதா அந்த வீடியோவை வசந்தாம்மாவுக்கும் அனுப்பியிருக்குது. அவங்க எனக்கு ஃபோன் பண்ணாங்க. "அந்தப் பொண்ணு நல்லா இறங்கியிருக்கா பாய். நம்மளால ஆவாது"ன்னாங்க. பொறாமையே இல்லாத குரல். அதுதான் தாங்கல.

வீட்டுல ஷகீலாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். என் வீட்டம்மா அரிசி புடைச்சுக்கினே கேட்டுட்டு, "போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க. இல்லைன்னா இனிமே என்கிட்ட புலம்பாதீங்க"ன்னா.

6. வசந்தாம்மா வீட்டுல

வெட்டின துணியில ஒரு துண்டு எடுத்துக்கினு போனேன். அவங்க அப்போதான் ஸ்கூல்லேயிருந்து வந்திருந்தாங்க. டான்ஸுக்கு வேற டீச்சர் போட்டுட்டாங்களாம். "நானே சொல்லிட்டேன் பாய், முட்டி போச்சுன்னு. ஆபீஸ்ல உக்கார வச்சிருக்காங்க. டி.சி. எழுதறேன். சலங்கையைக் கூட ஒரு பொண்ணுக்குக் கொடுத்துட்டேன்."

நான் துண்டை நீட்டி மடிச்சுக் காட்டினேன். நீலம். மடிச்சா அரக்கு. "அந்த ஃபிலிம்ல இது கறுப்பா விழுந்துடுச்சும்மா. விசிறி விரிஞ்சுதும்மா. நீங்க இறங்கினீங்க. துணிதான் காட்டல. தப்பு என்னுது."

அவங்க துண்டை வாங்கி மடிச்சாங்க, பிரிச்சாங்க, மடிச்சாங்க.

"எப்போ தெரியும்?"

"ரஷ் பார்த்தப்போ." அப்புறம், எதுக்கு இன்னும் ஒரு பொய்யின்னு, "ஷூட்டிங்லேயே சந்தேகம்மா"ன்னேன்.

"ஹெல்காவுக்கு?"

"சொல்லல."

"இப்போ சொல்லுங்க. என் முன்னாடி."

ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு அனிதாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அங்கிள்... ஹெல்கா ஊருக்குப் போயாச்சு. எடுத்தது எடுத்ததுதான். நான் மெயில்ல சொல்லிடறேன். இப்போ சொல்லி என்ன அங்கிள் பண்றது?" ஃபோனை வெச்சிடுச்சு.

வசந்தாம்மா புடவைக் கொசுவத்தை இழுத்து இடுப்புல செருகினாங்க. ஹால் நடுவுல நின்னு, குதிகாலைச் சேர்த்து, பாதத்தைத் திருப்பி, இறங்கினாங்க. இறங்கி அப்படியே நின்னாங்க.

"இறங்கியிருக்கா?"

"இறங்கியிருக்கும்மா."

"பார்த்துச் சொல்லுங்க பாய். முப்பது வருஷமா பார்க்கறீங்க."

"நல்லா இறங்கியிருக்கும்மா. அன்னைக்கும் இப்படித்தான்."

அவங்க எழுந்திரிக்கல. தொடை நடுங்க ஆரம்பிச்சுது, மூக்கு நுனியில வேர்வை. கண்ணுலேயிருந்து தண்ணி வழியுது, அதைத் துடைக்கவும் கையை எடுக்கல. எனக்குப் பார்க்க முடியல. "போதும், எழுந்திரும்மா, வலிக்கும்"னேன்.

"நீங்க எழுந்திரிங்க பாய்"னாங்க. "எழுந்து வீட்டுக்குப் போங்க."

வந்துட்டேன். அதுக்கப்புறம் அவங்க என்கிட்ட பேசல. தெருவுல பார்த்தா தலையை மட்டும் ஆட்டுவாங்க, அதுவும் பெரிய மனசு. மறுபடி ஆடறாங்களான்னு எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை.

பசங்களா, துணி எடுக்கறதுல தப்பு எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்துச்சு, வேற துணியில புதுசாத் தைச்சும் காட்டினேன். ஆனா உங்க தப்பை இன்னொருத்தர் தன் உடம்பு மேல போட்டுக்கறதைப் பார்த்தீங்கன்னா, அந்த நிமிஷமே வாயைத் தொறங்க. ஆர்டர் போவட்டும், பேர் போவட்டும். அன்னைக்குக் கடையில அவங்க "என் முட்டிதான்"னு சொன்னப்போ, "இல்லம்மா, என் துணி"ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆவும்? எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.